பின்வரிசைக் கல்வாழை

என் அக்கா பயப்படாத ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது செடி மட்டும்தான். மற்றபடி பல்லி, இடி, லிஃப்ட், குக்கர் விசில், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், காலியாக வரும் பஸ், கூட்டமாக வரும் பஸ், எல்லாமே பயம்தான். வீட்டில் ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் போதும், அவர் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் கிடக்கிறார் என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்துவிட்டு வாசலில் நிற்பாள். உயரமோ ஆறடிக்கு இரண்டு விரல் கம்மி. கல்யாணப் பேச்சு வந்த இரண்டு இடத்திலும் மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. "ஆள் வளந்த அளவுக்குத் தைரியம் வளரலையேக்கா" என்று நான் சொல்லாத நாளில்லை. அவளும் சிரித்துக்கொள்வாள்.

நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் அவள் தலைமைத் தோட்டக்காரி. தலைமை என்றால் அவளுக்குக் கீழே யாரும் இல்லை, மேலே மேனேஜர் ஒருவர். ஆனால் அந்த வேலையோடு ஒரு வீடு உண்டு. மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதில்தான் அக்கா, நான், என் மனைவி, எங்கள் நாலு வயது மகள் என நாலு பேரும் இருந்தோம். மகளை எல்லோரும் கூப்பிடுவது வாலு என்று. அவளை ஐந்து நிமிடம் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. நான் பிளம்பர். வெளியில் வேலை, வருமானம் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அதனால் அந்த இரண்டு அறை எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் வேலை போனால் கூரையும் போகும்.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது. அந்தந்த சீசனுக்குப் பூத்துச் சாகிற செடிகளை அவள் மதிப்பதே இல்லை. வருஷக்கணக்கில் நிற்கிற செடிகள்தான் அவளுக்குப் பிடிக்கும். அப்படிப்பட்ட செடிகளை ஒரே பாத்தியில் அடுக்கடுக்காக வைக்க வேண்டும் என்றால் எது எவ்வளவு உயரம் வளரும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். குட்டை முன்னால், அதைவிட ஒரு சுற்று உயரம் நடுவில், நெட்டை பின்னால். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கக் கூடாது, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதன் மேல் சாயக் கூடாது. சொல்வதற்கு எளிது. ஆனால் நர்சரியில் பையில் இருக்கும்போது எல்லாக் கன்றும் ஒரு சாண்தான்.

"தொட்டில்ல எல்லாக் கொழந்தையும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூணாவது வருஷம்தான் எது எப்படின்னு தெரியும்" என்பாள்.

பையில் ஒட்டியிருக்கும் சீட்டை அவள் நம்ப மாட்டாள். "சீட்டு எழுதுறவன் செடி பக்கத்துல போய் நின்னு பாத்திருப்பானா?" அதனால் அவளே போய் நிற்பாள். நர்சரிக்குப் பின்னால், தரையில் வைத்து மூன்று வருஷமான தாய்ச்செடிகள் இருக்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விறைப்பாக நின்று, அது தன் உடம்பில் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பாள். அவள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு நெட்டை உருவம் வரைந்திருக்கும், அவள்தான். பக்கவாட்டில் கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு, தலை என்று கோடுகள். மழை லில்லி கணுக்காலுக்கு மேலே கொஞ்சம். நித்தியகல்யாணி முழங்கால். நீல சால்வியா தொடை. கல்வாழையில் நடுத்தர ரகம் இடுப்பு. சென்டிமீட்டர், அங்குலம் எதுவும் கிடையாது. நர்சரிக்காரர் "உங்க இடுப்பா, என் இடுப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார். அவர் அக்காவின் தோளுக்குக் கீழே இருப்பவர். நானும் அந்த ஜோக்கைப் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். நாங்கள் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

குடியிருப்பின் கேட்டிலிருந்து ரோடு நேராக வந்து, நடுவில் இடது பக்கம் திரும்பும். அந்த வளைவை ஒட்டி உள்பக்கமாக இருபது அடி நீளத்துக்கு ஒரு பாத்தி. பாத்திக்குப் பின்னால் நடைபாதை. நடைபாதையின் கடைசியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் பள்ளி. மூன்றரை மணிக்கு அதை விட்டதும், பெரும்பாலான பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். வாலுவையும் சேர்த்து நாலு பேரை மட்டும் ஆயா நடைபாதை வழியாகக் கூட்டி வந்து, பாத்தி முடிகிற இடத்தில் ரோட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவாள். மூன்று வருஷத்துக்கு முன் மேனேஜர் அந்தப் பாத்தியைக் காட்டி, "ரோட்டுலேருந்து பாத்தா பூவைத் தவிர எதுவும் தெரியக் கூடாதும்மா" என்று சொன்னார். அக்கா முன்னால் மழை லில்லி, நடுவில் நித்தியகல்யாணி, பின்னால் நடைபாதை ஓரமாக இடுப்பு உயரக் கல்வாழை என்று வைத்தாள். தண்ணீர் தேங்காமல் இருக்க மண்ணையும் ஒரு சாண் உயர்த்தினாள்.

முதல் வருஷம் சுமாராக இருந்தது. இரண்டாம் வருஷம் நன்றாக இருந்தது. மூன்றாம் வருஷம் நின்று பார்க்காதவர் கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழை ஒரே மட்டமாக, கத்தரித்து வைத்த மாதிரி, ஒரு இலைகூட முன்வரிசையில் சாயாமல் நின்றது. மேனேஜர் சொன்னபடியே, ரோட்டிலிருந்து பார்த்தால் பூவைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்த வருஷம்தான் நான் பழைய கார் ஒன்று வாங்கினேன்.

குட்டையான கார் அது. உள்ளே உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம், "வாக்கா, ஒரு ரவுண்டு" என்று அக்காவை வம்படியாக முன்சீட்டில் ஏற்றினேன். முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. ஏறியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கேட்டுக்குள் நுழைந்து வளைவுக்கு வரும்போது, "கண்ணத் தெற, உன் தோட்டம்தான்" என்றேன். திறந்தாள். திறந்த உடனே, "நிறுத்து! நிறுத்துடா!" என்று கத்தினாள்.

நான் மிதித்த மிதியில் டூல் பெட்டி பின்னாலிருந்து வந்து சீட்டில் இடித்தது. ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. எனக்கு எரிச்சல் பொங்கியது.

"எதுக்குக் கத்துன? ஒண்ணுமே இல்லையே!"

"ஒண்ணும் தெரியலடா" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "நடைபாதையே தெரியல. எனக்கு நடந்து போறப்ப எல்லாம் தெரியும். பூவுக்கு மேலால எல்லாம் தெரியும். இங்க உக்காந்தா ஒண்ணுமே தெரியல."

இதுவும் பல்லி, இடி, லிஃப்ட் வரிசையில் ஒன்று என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. என்னைக் கேட் வரைக்கும் திரும்பப் போகச் சொன்னாள். வீட்டிலிருந்து வாலுவின் தொப்பியை எடுத்து வந்து, அவள் உயரத்துக்கு வெட்டிய ஒரு குச்சியில் மாட்டி, எங்கோ கொண்டுபோய் நட்டுவிட்டு, "எப்பவும் வர்ற மாதிரியே வா" என்று கையைக் காட்டினாள். வந்தேன். வளைவு தாண்டி நிறுத்தினேன்.

"தொப்பி தெரிஞ்சுதா?"

"எங்க வச்சிருக்க?"

கையைக் காட்டினாள். இறங்கிப் பார்த்தேன். பாத்தி முடிகிற இடத்தில், ரோட்டில் இறங்கும் இடத்திலேயே, என் கார் போன சக்கரத் தடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் அந்தக் குச்சி நின்றது. மேலே மஞ்சள் தொப்பி. அக்கா கல்வாழைக்கும் குச்சிக்கும் நடுவில் போய் நின்று, தன் இடுப்பில் ஒரு கையும் தொப்பிமேல் ஒரு கையும் வைத்தாள். இடுப்புக் கை ஒரு சாணுக்கு மேலே இருந்தது. "என் இடுப்பு அவ தலைக்கு மேலடா" என்றாள். "நான் ஏன் இதப் பாக்கல? மூணு வருஷமா தெனமும் இங்கதான நிக்கிறேன்?" எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தை ஒத்துக்கொள்ளப் பிடிக்காமல், "மூணு வருஷமா ஒண்ணும் ஆகல இல்ல, விடு" என்றேன்.

மேனேஜரும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். அக்கா போய்ச் சொன்னபோது நான் அவர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூங்காப் போட்டி, நடுவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள், முதல் படமே அந்த வளைவுப் பாத்திதான் என்று அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என்ன வேணா பண்ணிக்கங்க. அதுவரைக்கும் ஒரு இலைமேல கை வைக்கக் கூடாது."

"சார், கடைசி நாலு தூரை மட்டுமாவது எடுத்துடுறேன் சார். கொழந்தைங்க வர்ற இடம்."

"ஏம்மா, உங்களுக்குத் தூறல் போட்டாலே பயம். போன மாசம் லிஃப்ட் அறுந்து விழப் போகுதுன்னு ஆள் கூப்பிட வச்சீங்க. விழுந்துச்சா? கை வச்சீங்கன்னா அப்புறம் வேலைக்கு வராதீங்க. வீட்டையும் யோசிச்சுக்கங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு அறைக்காகத்தான் நின்றேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அவள் சொல்வதை நான் முழுதாக நம்பவும் இல்லை என்பதுதான் உண்மை.

அன்று சாப்பிடும்போது என் மனைவி, "அண்ணி, ஞாயிறு வரைக்கும் வாலுவை ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம்" என்றாள். அவளுக்குத் தையல் கம்பெனியில் ஆறு மணிவரை வேலை, நடுவில் வர முடியாது.

"மத்த மூணு பேரு?" என்றாள் அக்கா.

ஆயாவிடம் அக்கா ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தாள். "நான் கையப் புடிச்சுத்தானே கூட்டிட்டுப் போறேன்? எனக்குப் புள்ள பாக்கத் தெரியாதா?" என்று ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு குழந்தைக்கு ஆயாவுக்கு இருந்தது இரண்டு கை. அதில் வாலுவின் கை எப்போதும் இருந்ததில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே அக்கா வளைவில் போய் நின்றுவிட்டாள், கையில் ஒரு சிவப்புத் துணியோடு. முதலில் தள்ளுவண்டியை ரோட்டின் நடுவில் நிறுத்திப் பார்த்தாள், மேனேஜர் ஆள் விட்டு எடுக்கச் சொன்னார். காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்ன நெட்டக்கா, ரயில் வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாலுவும் மற்ற மூன்று பேரும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்கிறவரை துணியை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள், அப்புறம் சனி லீவு. முடிஞ்சுதுக்கா" என்றேன்.

"கண்ண மூடுனா அந்தத் தொப்பிதான்டா தெரியுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் புதிதாக ஒன்று சொன்னார். முன்கேட்டில் இருநூறு தொட்டிகளை அடுக்க வேண்டும், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அக்கா அங்கேதான் இருக்க வேண்டும், ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. பதினொரு மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் ஊருக்குள் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், உடைந்த பைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணு இருவதுக்கு நீ வந்து வளைவுல நின்னுடுடா. கால் மணி நேரம். துணி பாத்தி ஓரத்துக் கல்லுக்கு அடியில வச்சிருக்கேன்."

"சரி."

"மறந்துட மாட்டியே?"

"சரிக்கா, சரின்னு சொல்றேன் இல்ல? எத்தன தடவ?"

போனைக் கட் பண்ணினேன். பைப்பைச் சரி செய்தேன். வீட்டுக்காரர் டீ கொடுத்தார். வாஷர் ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன், அங்கே பழைய ஆள் ஒருவர் கிடைத்தார், பேசிக்கொண்டு நின்றேன். கடையில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஏழு நிமிடத்தில் ஓட்டினேன். ஓட்டும்போது பயமாக இருந்ததா என்றால், இருந்தது, ஆனால் எதற்கு என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அக்கா திட்டுவாளே, அழுவாளே என்றுதான் பயம். கேட்டில் தொட்டிகளுக்கு நடுவில் மேனேஜர் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் நுழைந்தேன். நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வளைவில் போய் நிறுத்தி, துணியை எடுத்து, காலையிலிருந்தே நிற்கிறவன் போல நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வளைவுக்கு வந்தேன். பாத்தி எனக்குப் புரியவில்லை. இடம் மாறி வந்துவிட்டேனோ என்று இருந்தது. பின்வரிசையில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். அந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் நடைபாதை முழுக்கத் தெரிந்தது. ஆயா தெரிந்தாள், அவள் இரண்டு கையில் இரண்டு குழந்தைகள் தெரிந்தார்கள், பின்னால் ஒரு பையன் தெரிந்தான். எல்லோருக்கும் முன்னால், பையை ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஓடி வருகிற என் மகள் தெரிந்தாள். இடுப்பிலிருந்து தலையில் மாட்டிய பட்டைவரை தெரிந்தாள்.

என் கால் பிரேக்குக்குப் போனபோது அவள் இன்னும் நடைபாதையில்தான் இருந்தாள். டயர் கத்தியது. அவள் ரோட்டில் இறங்கிவிட்டாள். இறங்கியவள் சத்தம் கேட்டு அப்படியே நின்றாள். வண்டியும் நின்றது. பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது.

கல்வாழை நின்றிருந்தால் அவள் இறங்கிய பிறகுதான் என் கண்ணில் பட்டிருப்பாள். அந்த ஓர் ஆள் இடம் இருந்திருக்காது. இந்தக் கணக்கை நான் அப்போதே போட்டுவிட்டேன், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான் வந்தது. கதவைத் திறக்க விரல் வரவில்லை. ஆயா ஓடி வந்து வாலுவை இழுத்துக்கொண்டு, "காலனிக்குள்ள இப்படியா ஓட்டுவாங்க?" என்று ஆரம்பித்தவள், என்னை அடையாளம் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாலு கண்ணாடிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பூவெல்லாம் எங்க?"

அக்கா மோட்டார் ரூமுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஏழு சாக்குகள். கல்வாழையை மேலே வெட்டினால் பத்து நாளில் திரும்ப வந்து நிற்கும், கிழங்கோடு எடுக்க வேண்டும். மேனேஜர் சாப்பிடப் போன பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் இருபது அடி வரிசையை ஒற்றை ஆளாகத் தோண்டி எடுத்திருக்கிறாள். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. அதன் பிறகு முன்கேட்டுக்குப் போய் ஒன்றும் நடக்காதது போலத் தொட்டி அடுக்கியிருக்கிறாள். மூன்றரை வாக்கில் யாரோ போய்ச் சொல்ல, மேனேஜர் அவளை அங்கிருந்தே துரத்திவிட்டார். நான் நுழைந்தபோது அவர் கத்திக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வேல போயிடுச்சுடா. எட்டு நாள்ல வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? எனக்கு பயமா இருக்குடா."

"என்னத்தான் நிக்கச் சொன்னியே" என்றேன். "அப்புறம் எதுக்குத் தோண்டுன?"

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ மறந்துடுவியோன்னு பயம்."

சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "வாலு எங்க?" ஆயாவிடம் இருக்கிறாள், ஒரு கீறல்கூட இல்லை என்றேன். பிறகு, "எவன்டா அந்தக் கார்க்காரன்?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையை என் தோளில் வைக்க அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து, பல் கிட்டித்துப் போகிற அளவுக்கு நடுங்கினாள். நானும் நடுங்கினேன். எங்கள் இரண்டு பேரில் யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் நான் மேனேஜரிடம் போனேன். அந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்தேன். வளைவில் நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கொழந்தைக்கு ஏதாவது ஆச்சா?"

"ஆகல சார்."

"அப்புறம் என்ன? ஒண்ணும் ஆகலையே."

கண்ணுக்கு முன்னால் இருந்த மனிதரிடம் அதை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குத்தான் அவள் வேலை போனது. ஆகியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். எட்டாவது நாள் காலி செய்தோம். ஊருக்கு வெளியே ஒரே அறை கிடைத்தது. என் மனைவிக்கு நடந்தது முழுதும் தெரிந்த நாளிலிருந்து அவள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒரு மாதம் பேசவில்லை.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நர்சரிக்காரர் அக்காவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பாத்தி போட வேண்டும் என்று யார் வந்தாலும் இப்போது அக்காதான் போகிறாள். போனவுடன் முதல் வேலையாக அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் ஒரு தடவை பார்ப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். பல்லிக்கும் இடிக்கும் இன்னமும் பயப்படுகிறாள். அவள் எதற்காவது பயமாக இருக்கிறது என்றால் நான் சிரிப்பதில்லை, எங்கே என்று கேட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். பல தடவை அங்கே ஒன்றும் இருப்பதில்லை. வளைவு வந்தால் என் காரை மாட்டு வண்டி தாண்டிப் போய்விடும் என்று இப்போது வீட்டில் கேலி என்னைத்தான்.

அக்காவிடம் புது நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் நெட்டை உருவம் இல்லை. ஒரு சின்னப் பெண், தலையில் பட்டை, ஒரு தோளில் மட்டும் பை. பக்கவாட்டில் அதே கோடுகள், கணுக்கால், முழங்கால், இடுப்பு, தலை. போன வாரம் வாலு அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது, வளர்த்தியில் அத்தையைக் கொண்டிருக்கிறாள்.

"அத்தை, நான்தான் இவ்ளோ வளந்துட்டேனே. இன்னும் ஏன் இந்தப் படம்? மாத்தி வரையலாம் இல்ல?"

அக்கா நோட்டை அவளிடமிருந்து வாங்கி மூடினாள்.

"நீ வளந்துட்ட. ரோட்டுக்கு ஓடி வர்றது எப்பவும் இந்த உயரம்தான்டி."

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கார் சாவியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.